கனம் தூக்காதே என்று யாரிடம் சொல்கிறோம்?

(கடலூரில் நடந்த இளைஞர் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த தோழர் 'புற்றுநோயும் சாதியும்' என்று தலைப்பு கொடுத்தார். அவ்வளவு பெரிய தலைப்பை என்னால் சுமக்க முடியாது. நான் புற்றுநோய் மருத்துவர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடித்து, "ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க" என்று அனுப்பப்படுகிறார்கள் இல்லையா, அவர்களை அதற்குப் பிறகு பார்ப்பது எங்கள் வேலை. எங்கள் குழுவில் நான்கு பேர் இருக்கிறோம், அதற்கு நான் பொறுப்பு. கை தூக்க வராதவர்கள், வாய் திறக்க வராதவர்கள், பாதம் மரத்துப்போனவர்கள், பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறவர்கள் எங்களிடம் வருகிறார்கள். அடையாறில் முடித்தாலும் ஜிப்மரில் முடித்தாலும் சிதம்பரத்தில் முடித்தாலும், திரும்பி வருவது அவரவர் வீட்டுக்குத்தான். அந்த வீட்டில் என்ன வேலை காத்திருக்கிறது என்பதிலிருந்து என் பேச்சைத் தொடங்குகிறேன்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். பல இடங்களில் இன்றும் அந்தத் தாளில் முதல் வரி இதுதான்: அறுவை செய்த பக்கத்துக் கையால் கனமான பொருள் எதையும் தூக்கக் கூடாது. அடுத்து, வெயிலில் நிற்கக் கூடாது. காயம் படக் கூடாது. சேற்றில், மண்ணில் வெறுங்கையோடு வேலை செய்யக் கூடாது. சூடான பாத்திரத்தைத் தொடக் கூடாது.

சிப்காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அக்கா அந்தத் தாளை நான்காக மடித்துப் பர்சில் வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. மகள் படித்துக் காட்டியிருக்கிறாள். நான் கையைத் தூக்கச் சொன்னபோது தோள் வரைக்கும்கூட வரவில்லை. பயிற்சி செய்தீர்களா என்று கேட்டேன். "இத எழுதுனவங்க வீட்ல தண்ணி யாரு தூக்குறாங்க பாப்பா?" என்று திருப்பிக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. படிக்கும்போது எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்தத் தாளில் இருந்ததுதான்.

தண்ணீர்க் குடம் என்றால் சாதாரணம் இல்லை. பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் பதினைந்து கிலோ தேறும். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று அவரவர் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். அந்த அக்கா வீட்டில் முன்பு கிணறு இருந்தது. கயிற்றை இழுத்தால் தண்ணீர். அந்தத் தண்ணீர் குடிக்க உதவாது என்று ஆனபிறகுதான் குழாய்க்கும் லாரிக்கும் நடை. ஆக, கிணற்றைக் கெடுத்தது ஒரு தரப்பு, குடத்தைத் தூக்காதே என்று சொல்வது இன்னொரு தரப்பு. நடுவில் நிற்கிற பெண்ணுக்கு ஒரு மார்பும் இல்லை, ஒரு கையும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

சிப்காட்டைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். இருந்தாலும் வெளியூரிலிருந்து படிக்கப்போகிற தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கடலூர் பழைய நகரைத் தாண்டி சிதம்பரம் சாலையில் போனால் கிழக்கே உப்பனாறு. அந்த ஆற்றங்கரையை ஒட்டி, 1980களில் அரசு தொழிற்பேட்டை அமைத்தது. பூச்சிக்கொல்லி, மருந்து மூலப்பொருள், சாயம் என்று வேதிப்பொருள் ஆலைகள். குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி, சங்கொலிகுப்பம், செம்மங்குப்பம் என்று சுற்றிலும் கிராமங்கள். ஆற்றில் மீன் பிடித்தவர்களும், கரையில் பயிர் வைத்தவர்களும், அந்த வயல்களில் கூலிக்குப் போனவர்களும் வாழ்ந்த இடம்.

2004இல் இந்தக் கிராமத்து மக்களே சேர்ந்து 'சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்' என்று ஒரு குழு அமைத்தார்கள். என்ன நாற்றம், எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். ஒரு சாதாரண பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து, அமெரிக்காவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்த மாதிரிகளில் 22 வேதிப்பொருள்கள் இருந்தன. அவற்றில் எட்டு, புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. "நாத்தம் அடிக்குது" என்று மனு கொடுத்தபோது யாரும் மதிக்கவில்லை. அதே மூக்கு கண்டுபிடித்ததை ஆய்வகம் சொன்னபோது செய்தி ஆனது. 2008இல், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக நீரி என்கிற மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வு வெளியே வந்தது. இந்தப் பகுதியில் வாழ்கிறவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் அபாயம் 2,000 மடங்கு அதிகம் என்று அந்த அறிக்கையை வைத்து நாளிதழ்கள் எழுதின.

அந்த 2,000 என்ற எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேடைகளில் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறோம். அது நோயாளிகளை எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு இல்லை. காற்றில் அளந்த வேதிப்பொருளின் அளவை வைத்துப் போட்ட அபாய மதிப்பீடு. வீட்டுக்கு வீடு எண்ணிய கணக்கைப்போல அதைச் சொன்னால், கம்பெனி வக்கீல் ஒரே நிமிடத்தில் நம்மை மடக்கிவிடுவார். என்னிடம் வரும் ஒவ்வொருவரின் நோயும் ஆலையால் வந்தது என்று நானும் சொல்ல மாட்டேன். வாய்ப் புற்றுநோயில் புகையிலைக்குப் பங்குண்டு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் வைரஸுக்குப் பங்குண்டு. ஒரு தனி உடம்பைக் காட்டி இந்தப் புகைதான் காரணம் என்று நிரூபிப்பது மிகக் கடினம். அந்தக் கடினத்தின் நிழலில்தான் ஆலைகள் இத்தனை ஆண்டுகள் நிம்மதியாக இருக்கின்றன. மூச்சடைக்கும் காற்றில் வாழக் கூடாது என்று சொல்ல 2,000 மடங்கு தேவையா என்ன? இரண்டு மடங்கு போதாதா?

"காற்று சாதி பார்ப்பதில்லை" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. காற்று எல்லார் வீட்டுக்கும்தான் போகிறது. ஆனால் விற்க மனை இருந்தவர்கள் விற்றுவிட்டுக் கடலூர் புதுநகருக்கோ புதுச்சேரிக்கோ போனார்கள். காலனியில் பட்டா இல்லாத மூன்று சென்ட் வைத்திருப்பவரிடம் யார் வாங்குவார்கள்? ஆலைக்குள்ளும் அப்படித்தான். எங்களிடம் வருகிறவர்களில் ஆலையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால், தொட்டி கழுவியது, கசடு அள்ளியது, டிரம் உருட்டியது என்றுதான் சொல்கிறார்கள். ஒப்பந்தக் கூலி, பெயர் எந்தப் பதிவேட்டில் இருந்தது என்று அவர்களுக்கே தெரியாது.

சரி, அந்தத் தாளுக்கு வருகிறேன்.

மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பார்கள். நம் ஊரில் நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அந்த நெறிகள்தான். கையிலிருந்து நிணநீர் வடிந்து போகும் வழி அது. அதை எடுத்துவிட்டால், அதன்மேல் கதிர்வீச்சும் கொடுத்தால், சிலருக்கு நீர் தேங்கிக் கை வீங்கும். சில மாதங்களில் வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். வந்துவிட்டால் முழுசாகப் போகாது, கட்டுப்படுத்தத்தான் முடியும். அதனால் மருத்துவர்கள் பயந்தார்கள். பயந்து, கையையே பயன்படுத்தாதே என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. சோதித்துப் பார்க்காமல் சொன்னது.

சோதித்துப் பார்த்தவர்கள் வந்தார்கள். 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த 24 பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். துடுப்புப் போடுவது என்றால் கைக்கும் தோளுக்கும் எவ்வளவு வேலை என்று உப்பனாற்றில் படகு ஓட்டியவர்களைக் கேளுங்கள். யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. பிறகு 2009இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்பவர் குழு, ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. மிகக் குறைந்த எடையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. மாறாக, வீக்கம் திடீரென்று முற்றுவது அவர்களிடம் குறைவாக இருந்தது, கையில் பலமும் கூடியது.

அந்த ஆய்வு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகின்றன. தாள் மட்டும் மாறவில்லை. ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இதுதான். கனம் தூக்காதே என்பது, தூக்க ஆள் வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே அது அன்பான அறிவுரை. வேலைக்கார அம்மா வருவார், தூக்குவார். அந்த வேலைக்கார அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தால் என்ன என்று யோசிக்க வேண்டிய தேவை தாளை எழுதியவருக்கு வரவே இல்லை. மருத்துவம் ஓர் உடம்பை மனத்தில் வைத்துத்தான் எழுதப்படுகிறது. அந்த உடம்புக்குச் சாதி இருக்கிறது, வர்க்கம் இருக்கிறது.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, குடத்தையே எடுத்துக்கொண்டோம். அந்த அக்காவைத் தன் குடத்தைக் கொண்டுவரச் சொன்னோம். முதலில் தோள். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் ஏறுவது. ஏறிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு. அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு முறுக்கினாற்போல் இழுத்துக்கொண்டிருந்தது, அதை மெதுவாகத் தளர்த்த வேண்டும். கோடு தலைக்கு மேலே போனபிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். பிறகு ஒரு லிட்டர். பிறகு குடத்தில் இரண்டு லிட்டர் ஊற்றித் தூக்குவது, வைப்பது. வாரம் இரண்டு நாள். ஒவ்வொரு முறையும் தையல் டேப்பால் இரண்டு கையையும் ஒரே இடங்களில் அளந்து எழுதுவோம். இரண்டு கைக்கும் இடையில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் நிறுத்தி, கட்டுப் போட்டு, இறங்கிய பிறகு மறுபடியும் தொடங்குவோம். அக்கா அரைக் குடம் தூக்க ஐந்து மாதம் ஆனது. முழுக் குடத்தை அவர் தூக்கவே இல்லை. மகனைத் தூக்கச் சொல்லிவிட்டார்! "அவனுக்கு என்னா கை இல்லியா?" என்றார். அந்தப் பதினேழு வயதுத் தம்பி முதன்முதலாகக் குடத்தோடு தெருவில் நடந்தபோது மற்றப் பையன்கள் கேலி செய்தார்களாம். இதையும் மறுவாழ்வுக் கணக்கில்தான் நான் சேர்க்கிறேன்.

ஷ்மிட்ஸின் ஆய்வில் அந்தப் பெண்கள் எடை தூக்கும்போது கைக்குச் சரியாகப் பொருந்திய அழுத்த உறை போட்டிருந்தார்கள். நம் பெண்கள் அதைக் 'கை சாக்ஸ்' என்பார்கள். காப்பீட்டு அட்டையில் அறுவை நடக்கிறது, கீமோ நடக்கிறது. கை சாக்ஸை எங்களிடம் வருகிறவர்கள் கைக்காசு போட்டுத்தான் வாங்குகிறார்கள். பல நாள் கூலி அது. வாங்கினாலும் கடலூர் மே மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு யார் இருப்பது? வியர்த்து அரிக்கும், சொறிந்தால் புண், புண் வந்தால் கிருமி, கிருமி வந்தால் வீக்கம் கூடும். எனவே பயிற்சி நேரத்திலும் வேலை நேரத்திலும் மட்டும் போடச் சொல்கிறோம். உறை இல்லாதவர்களுக்கு அழுத்தக் கட்டுத் துணியைத் தாமே சுற்றிக்கொள்ளப் பழக்குகிறோம். இது முழுமையான தீர்வு இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, "பாருங்கள், உழைப்புதான் நல்ல உடற்பயிற்சி, கிராமத்துப் பெண்களுக்கு ஜிம் எதற்கு" என்று யாராவது முகநூலில் எழுதக் கூடாது. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் எடையை நான் தீர்மானிக்கிறேன், வலித்தால் நிறுத்துகிறேன், மறுநாள் ஓய்வு. நடவில் யார் தீர்மானிப்பது? வரிசையில் பக்கத்து ஆள் முன்னேறினால் நாமும் முன்னேற வேண்டும், இல்லையென்றால் மேஸ்திரி சத்தம் போடுவார். இடுப்பு ஒடிய உழைத்த உடம்பைப் புகழ்ந்து பாட்டுப் பாடுவது நம் பக்கத்திலும் இருக்கிற கெட்ட பழக்கம். எங்களிடம் வருகிற ஒவ்வொருவரையும் பழைய வேலைக்கே திருப்பி அனுப்புவது எங்கள் இலக்கு இல்லை. சிலர் வேலைக்குப் போக விரும்புகிறார்கள், சிலர் போதும் என்கிறார்கள். இருபது வருடம் களை பறித்தவர் இனிமேல் திண்ணையில் உட்கார வேண்டும் என்று சொன்னால், அதுவும் ஒரு மறுவாழ்வுதான். ஆனால் அப்போது அவருக்குச் சோறு யார் போடுவது என்ற கேள்வி வருகிறது. அதை பிசியோதெரபிஸ்ட் தீர்க்க முடியாது. உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதுவரை செய்கிறோம்.

இதில் இன்னொரு விஷயம், எங்கள் நோயாளிப் படிவத்திலேயே தொடக்கத்தில் தவறு இருந்தது. 'தொழில்' என்ற கட்டத்தில் பாதிப் பெண்களுக்கு 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தது. எழுதியது நாங்கள்தான். "வீட்ல சும்மாதாம்மா இருக்கேன்" என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிவிட்டோம். பிறகு, காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள், எதையெல்லாம் தூக்கினீர்கள் என்று கேட்டு எழுத ஆரம்பித்தோம். நடவு, களை, முந்திரிக்கொட்டை உடைப்பது, மீன் கூடை சுமப்பது, நூறு நாள் வேலையில் பாண்டு தூக்குவது, மாட்டுக்குப் புல் அறுப்பது எல்லாம் வந்து விழுந்தன. அந்தக் கட்டத்தை இப்போது ஒரு முழுப் பக்கம் ஆக்கிவிட்டோம்.

கீமோவில் சில மருந்துகள் நரம்பைப் பாதிக்கும். பாக்லிடாக்ஸல், சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் என்று பெயர்கள். விரல் நுனியும் உள்ளங்காலும் மரத்துப்போகும். முள் குத்தினால் தெரியாது, கண்ணாடி கிழித்தால் தெரியாது, ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். இவர்களுக்கு நாங்கள் சொல்வது, செருப்பில்லாமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள் என்று. எளிய அறிவுரைதானே? எழுபதை நெருங்கும் ஒரு பெரியவரிடம் சொன்னேன். சரி என்றார். அடுத்த முறை உள்ளங்காலில் புண்ணோடு வந்தார். விசாரித்தால், வீட்டில் செருப்பு இருக்கிறது, போட்டுக்கொள்கிறார், ஊர்த்தெரு முனை வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார். இன்று அந்தத் தெருவில் யாரும் அவரைக் கழற்றச் சொல்வதில்லை. ஆனால் ஐம்பது வருடம் முன்பு சொன்னார்கள், அடித்தார்கள். கால் மரத்துப்போயும் அந்தப் பயம் மரத்துப்போகவில்லை.

செருப்பு போடுவதற்காக நம் தாத்தாக்கள் அடிவாங்கியதைப் பற்றி எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அது என் சிகிச்சைக் குறிப்பில் ஒரு வரியாக வரும் என்று நினைத்ததில்லை. நான் அவரோடு ஒரு நாள் மாலை அந்தத் தெரு வழியாக நடந்தேன். சமநிலைப் பயிற்சி என்று பெயர். அதுவும் உண்மைதான், நரம்பு பாதித்தவர்களுக்கு நடைச் சமநிலைப் பயிற்சி அவசியம். இரண்டு பேரும் செருப்போடு நடந்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டீக்கடைக்காரர் மட்டும் "எங்க, வாக்கிங்கா?" என்றார்.

தொடுதலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் ஒரு சம்பவத்தைச் சேர்த்திருக்கிறார். கத்தியவார் பகுதியில் ஒரு தலித் பள்ளி ஆசிரியர், 1929இல் காந்தியின் 'யங் இந்தியா'வில் வெளிவந்த கடிதத்தில் எழுதியது. பிரசவித்த மனைவிக்கு உடம்பு முடியவில்லை. டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார். கெஞ்சியபிறகு வருகிறார், ஆனால் நோயாளியைத் தெருவுக்கு வெளியே கொண்டுவர வேண்டும். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவரிடம் கொடுக்கிறார், கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் திரும்பி வருகிறது. டாக்டர் தொடவே இல்லை. நிமோனியா என்கிறார். அந்தப் பெண் இறந்துபோனார்.

தெர்மாமீட்டரை மூன்று கை மாற்றிக் கொடுக்கலாம். பிசியோதெரபியை அப்படிக் கொடுக்க முடியாது. வீங்கிய கையை என் உள்ளங்கையால் தடவித்தான் நிணநீரை வழிமாற்ற வேண்டும். அக்குளைத் தொட வேண்டும், மார்பு இருந்த இடத்தைத் தொட வேண்டும். இந்தத் தொழிலுக்கு இருப்பது கை மட்டும்தான்.

ஒரு வசதியான வீட்டுக்கு, அந்த ஊரின் பெயர் வேண்டாம், வாரம் மூன்று நாள் போய்க்கொண்டிருந்தேன். அறுபது வயது அம்மா; கை யானைக்கால் மாதிரி வீங்கியிருந்தது. இரண்டு வாரத்தில் நன்றாக இறங்க ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் மருமகள் காபி கொண்டுவந்தார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். உங்களுக்குத் தெரியும், தமிழ்நாட்டில் தெருப் பெயர் கேட்பது முகவரிக்காக இல்லை. அதையும் சொன்னேன். அடுத்த நாள் போன்: "அத்தைக்குப் பரவால்லங்க, இனிமே நாங்களே பாத்துக்கறோம்." பாதியில் நிறுத்தினால் மறுபடி ஏறிவிடும் என்றேன். வைத்துவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து அந்த அம்மா தானாகவே ஆட்டோ பிடித்து எங்கள் இடத்துக்கு வந்தார். கை முன்பைவிட மோசம், தோல் தடித்துவிட்டது. என்னைப் பார்த்து அழுதார். பிறகு ஒன்று சொன்னார். நோய் வந்த நாளிலிருந்து வீட்டில் அவருக்குத் தனித் தட்டாம், தனி டம்ளராம், பேரப்பிள்ளையைத் தூக்க விடுவதில்லையாம். புற்றுநோய் தொற்றாது என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லையாம். "உன்னத் தவிர யாரும் என்னத் தொடலம்மா."

இதை நான் எப்படிச் சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. தனி டம்ளர் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் எழுந்தது இரக்கம் மட்டும் இல்லை, தோழர்களே. கொஞ்சம் வேறு மாதிரியும் இருந்தது. "இப்போ தெரியுதா" என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அந்தக் கையைக் கட்டுப்போட்டு முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. ஒரு விஷயம் மட்டும் செய்தேன்: காபி வாங்கிவரச் சொல்லி இரண்டு பேரும் குடித்தோம். அவர் குடித்தார்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டியின் தாய், தேவதாசி முறைக்குள் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வலியிலிருந்துதான் முத்துலட்சுமி அந்தக் கனவைத் தொடங்கினார். தேவதாசி ஒழிப்புக்குப் போராடியவரும் புற்றுநோய் மருத்துவமனை கட்டியவரும் ஒரே ஆள் என்பதை நம் பாடப்புத்தகம் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகும். ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்று தெரிந்த குடும்பத்திலிருந்து வந்தவருக்குத்தான், எல்லோரும் ஒதுக்கிய நோய்க்கு இடம் கட்டத் தோன்றியது என்று நான் நினைக்கிறேன். இது வரலாற்று ஆய்வு இல்லை, என் அபிப்பிராயம்.

கடைசியாக ஒரு சின்னச் சோதனை. உங்கள் மூன்று விரலைச் சேர்த்து, செங்குத்தாக, முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கள். நுழைகிறதா? வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள் பலருக்கு ஒரு விரல்தான் நுழையும். 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வாய் இறுக்கம் என்று கணக்கு. பல் துலக்க முடியாது, சோற்று உருண்டை போகாது. கழுத்து நெறிகளை எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு பாதித்தால் தோள் தொங்கிவிடும். மூட்டை சுமந்தவருக்கு அத்தோடு பிழைப்புப் போயிற்று. இவர்களுக்கு ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாயைத் திறக்கப் பழக்குகிறோம். வாரத்துக்கு ஒரு குச்சி கூடினால் அன்று பெரிய கொண்டாட்டம். கதிர்வீச்சு தொடங்கும் நாளிலேயே இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் பாதிப் பேருக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காது. மறுவாழ்வு சிகிச்சை கடைசியில் வருவது இல்லை, முதல் நாளே தொடங்க வேண்டியது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் இருக்கின்றன. இது நல்ல திட்டம், நான் தயங்காமல் சொல்வேன். காலனிக்குள் அரசு ஊழியர் பையைத் தூக்கிக்கொண்டு வருவதே ஒரு மாற்றம். ஆனால் ஒரு வட்டாரத்துக்கே ஒருவர் என்றால், பக்கவாதம், முதுகுவலி, மூட்டு எல்லாம் பார்த்து மீதி நேரத்தில்தான் புற்றுநோயாளி. நாம் கேட்க வேண்டியது: சிப்காட் மாதிரி இடங்களில் இதற்கென்றே தனி ஆள், இலவச அழுத்த உறை, அந்தத் தாளை மாற்றி எழுதுவது. செலவை ஆலைகளிடமிருந்து வாங்குங்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கெடுத்தவர் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தில் உள்ளதுதான்.

"உயிர் மிஞ்சினதே பெருசு, கை வீங்குனா என்ன" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு, மருத்துவத்துறைக்குள்ளேயே. பணக்கார வீட்டு நோயாளியிடம் இந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை.

வருகிற சனிக்கிழமை காலை எங்களுக்கு அளவெடுக்கும் நாள். டேப் பிடிக்க ஒருவர், எழுத ஒருவர் தேவைப்படுகிறது. குடம் தூக்கிய அந்த அக்காவும் இப்போது டேப் பிடிக்கிறார். எண் தெரியாது என்பதால் சென்டிமீட்டர்க் கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிச் சொல்வார். கொஞ்சம் நேரம் ஆகும், நீங்கள் அவசரப்படுத்தக் கூடாது. ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள், பத்துக்கு மேல் வெயில் தாங்காது.